லோடு ஏற்றிப் பார்த்த வண்டி

பழைய பிக்கப் வண்டிகளை ஓட்டிப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கார், வேன் எல்லாம் வேறு ஆட்கள் பார்ப்பார்கள். முன்னால் ஐந்து பேர் உட்காரும் அறையும் பின்னால் திறந்த தொட்டியும் வைத்த பெரிய பிக்கப் வந்தால் சாவி என் மேஜைக்கு வரும்.

பழைய வண்டி விற்கும் எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிக்கப்பையும் காலியாக ஓட்டிப் பார்க்க மாட்டோம். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் காண்டிராக்டர்கள், பைப் கடைக்காரர்கள், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர்கள். அவர்கள் வண்டி ஒரு நாளும் காலியாகப் போகாது. அதனால் இருபத்துநாலு மூட்டை மணலை ஒரு மரச்சட்டத்தில் அடுக்கிக் கட்டியே வைத்திருக்கிறோம். ஃபோர்க்லிப்ட் தூக்கித் தொட்டியில் வைத்துவிடும். அறுநூறு கிலோ. அதோடுதான் மேடு ஏற்றுவோம், பிரேக் பிடிப்போம், வளைப்போம். காலி வண்டியை ஓட்டுகிறவன் வேலை பார்க்கவில்லை, ஊர் சுற்றுகிறான் என்பது எங்கள் இடத்துப் பேச்சு. நானும் புது ஆட்களிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் தங்கையை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்த பெயர், நாற்பத்தெட்டு வயதிலும் போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் மார்பில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. அப்புறம் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. இரண்டு எலும்பு அரித்துப்போன மாதிரி இருக்கிறது, இனி செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பாள். அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே மகள். ஒன்பது மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறாள். அப்போது ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிப்போய், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே அம்மா, அங்கே மகள், இரண்டு பேரும் நகர முடியாது. சாயங்காலம் ஆனால் போனில் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தங்கை கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பழக்கம் என்பதால் நீ, வா, போதான். நான் அவருக்கு மச்சான், அவர் எனக்கு மாப்பிள்ளை. நான் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தார்.

"வா மச்சான். நீயே கேளு இவள. பொண்ணப் பாக்கப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா குலுக்கல் ஆகாதாம். ஆம்புலன்ஸ் சொல்லிடறேன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறா."

வாலு தலையணையில் சாய்ந்தபடி சொன்னாள். "ஆம்புலன்ஸ்ல போய் இறங்கினா எம்பொண்ணுக்குப் பிரஷர் எங்க போய் நிக்கும்? அம்மா வந்திருக்கான்னா நினைப்பா? பொணம் வந்திருக்குன்னு நினைப்பா. நான் சீட்டுல உக்காந்து போகணும். கால ஊன்றி இறங்கணும். என்னடி, இப்படி உப்பிப்போய்க் கிடக்கன்னு கேக்கணும். அதுக்கு வழி இருந்தா சொல்லுங்க, இல்லன்னா ஆள விடுங்க."

"சீட்டுல உக்கார வச்சு, ஒரு கூலிங்கிளாஸும் மாட்டி விடறேன், போதுமா?" என்றார் அவர்.

"மாட்டுங்க. அப்பவும் உங்கள விட நல்லாத்தான் இருப்பேன்."

காரில் போக முடியாது. சீட் தாழ்வு, முதுகை வளைத்துத்தான் உட்கார வேண்டும். உயரமான சீட் இருந்தால் பக்கவாட்டில் அப்படியே நகர்ந்து உட்காரலாம். அவருக்கும் வேலைக்கு ஒரு பிக்கப் தேவைப்பட்டது. பழையது அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா மச்சான்," என்றார். "அகலமா மூணு படி வச்சு ஒரு பலகைப் பெட்டி நான் அடிச்சிடறேன். அவ ராணி மாதிரி ஏறட்டும். நீ நல்ல வண்டியா பாத்துச் சொல்லு. நீ சரின்னா நான் கண்ண மூடிட்டு வாங்குவேன்."

இரண்டு வாரத்தில் ஒன்று வந்தது. நிலம் அளக்கும் கம்பெனி ஒன்று நாலு வருஷம் ஓட்டிய வண்டி, சாம்பல் நிறம். இன்ஜின் மூடியைத் திறந்ததுமே பிடித்துவிட்டது. எண்ணெய்க் கசிவு இல்லை, புகை இல்லை, கியர் மாறுவதே தெரியவில்லை. முன் சீட் பட்டனை அழுத்தினால் ஏறும், இறங்கும், சாயும். இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் காற்றுப் பை, அதையும் கூட்டிக் குறைக்கலாம். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் செத்துப்போகும். நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் ஃபோர்க்லிப்ட்காரர் வழக்கம்போல மணலைத் தொட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. தினம் பார்க்கிற மணல்.

நான் அவசரப்பட்டுப் பார்த்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்த வண்டிக்கும் அத்தனை நேரம் செலவு செய்ததில்லை. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன். எண்பதிலிருந்து பிரேக் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் சக ஊழியர் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நானே வாலு உட்காரப்போகிற சீட்டில் உட்கார்ந்தேன். அவளைப் போல முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டேன். கையில் முக்கால் டம்ளர் தண்ணீர். டிப்போவுக்குப் பின்னால் லாரிகள் போய்ப் போய்க் குழி விழுந்த ரோடு ஒன்று இருக்கிறது. அதில் நாற்பது நிமிஷம் போகச் சொன்னேன். தண்ணீர் சிந்தவில்லை. வண்டி குழியில் இறங்கி மெத்தையில் எழுந்திருப்பது போல எழுந்தது.

"என்ன சார், கர்ப்பிணிய ஏத்தப் போறீங்களா?" என்று சிரித்தார் ஓட்டியவர்.

"கர்ப்பிணியோட அம்மாவ," என்றேன்.

அன்றைக்கே போன் செய்தேன். வாலுதான் எடுத்தாள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருக்கு."

"அப்ப தாலாட்டுப் பாடிட்டே ஓட்டு."

"வாங்கினதும் தெருவுல ஒரு ரவுண்டு போய்ப் பாக்கறியா?"

"வேணாம். ஒரு தடவ ஏறி இறங்கினா மூணு நாள் படுக்கணும். இருக்கற பலத்த அங்க போறதுக்கு வச்சுக்கறேன். நீ பாத்ததே போதும்."

வண்டியை நான்தான் அவர்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மணலை இறக்கியாகிவிட்டது. நெரிசலில் ஊர்ந்து போன இருபது நிமிஷம். வேகத்தடையில் பின்பக்கம் ஒரு தரம் துள்ளியது. பிக்கப் என்றால் துள்ளும். எனக்கு அது துள்ளலாகவே படவில்லை.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். பலகைப் பெட்டி நன்றாக அமைந்திருந்தது. சிராய் குத்தாமல் தேய்த்து, வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டியிருந்தார். மகள் அனுப்பியிருந்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று படிக்கு மூன்று தரம் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். உட்கார்ந்ததும் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"ஐயோ, இது முதுக அமுக்குது. யாரோ கை வைக்கிற மாதிரி இருக்கு."

"பின்னால நான்தான் இருக்கேன். ஆனா கை வைக்கல," என்றார் கணவர் பின் சீட்டிலிருந்து.

"தெரியுமே. நீங்க கை வச்சா சிமெண்டு ஒட்டும்."

தொட்டியில் மடக்கிய சக்கர நாற்காலி, வாக்கர், இரண்டு பெட்டி, அந்தப் படி. எல்லாம் சேர்ந்து அறுபது கிலோ இருக்கலாம்.

ஊருக்குள் தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய ரோட்டில் ஏறியதும் கான்கிரீட் ஆரம்பித்தது. பலகை பலகையாக வார்த்துப் போட்டிருப்பார்கள், பலகைக்குப் பலகை ஒரு இணைப்பு. அந்த இணைப்பில் ஒவ்வொன்றிலும் பின் சக்கரம் இடித்தது. முன் சக்கரம் தாண்டும், பின் சக்கரம் இடிக்கும். சீட் எம்பும். தாண்டும், இடிக்கும்.

பேசிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்திருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்துப் போயிருந்தன.

"வலிக்குதா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

வேகத்தைக் குறைத்தேன். அறுபது, ஐம்பது, நாற்பது. மெதுவாகப் போனால் ஒவ்வொரு இடியும் தனித்தனியாக விழுந்தது. வேகமாகப் போனால் சேர்ந்து விழுந்தது. கணவர் பின்னாலிருந்து அவள் தோளை இரண்டு கையாலும் சீட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான், இந்த ஆட்டு ஆட்டுது? தொட்டில்னு சொன்ன?"

"ரோடு மோசம் மாப்ள."

அப்போது எனக்கே தெரியாது. ரோடுதான் மோசம் என்றே நம்பினேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் தார் வரும், வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓட்டினேன். நடுவில் இரண்டு தரம் நிறுத்தி வலி மாத்திரை கொடுத்தோம். திரும்பிவிடலாமா என்று அவர் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

ஒரு நீளமான பாலம் தூரத்தில் தெரிந்தபோது எங்களை ஒரு பிக்கப் தாண்டிப் போனது. கிட்டத்தட்ட எங்கள் வண்டி மாதிரியே. தொட்டி நிறைய மூட்டை. பின்பக்கம் தாழ்ந்து, அதே ரோட்டில், அதே இணைப்புகளின் மேல், எண்ணெயில் வழுக்குவது போலப் போனது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அதுதான் ஸ்பிரிங். கனம் தாங்குவதற்குச் செய்தது. கனம் இருந்தால் வளைந்து கொடுக்கும். கனம் இல்லாவிட்டால் கல் மாதிரி நிற்கும், கீழே படும் அடியை அப்படியே மேலே அனுப்பும். இது எனக்கு எந்தக் காலத்திலிருந்தோ தெரியும். யார் கேட்டாலும் படம் போட்டு விளக்குவேன். அறுநூறு கிலோ மணலுக்கு மேல் உட்கார்ந்து டம்ளர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, தங்கைக்கு இந்த வண்டி சரி என்று சொன்னவன் நான். டயரிலும் லோடு வண்டிக்கு உள்ள காற்று அப்படியே இருந்தது.

நிறுத்தப் பார்த்தேன். பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வந்தது, ஓரத்தில் இடமில்லை. பாலம் வந்துவிட்டது. பாலம் தொடங்கும் இடத்தில் இரும்புச் சட்டம் போட்ட ஒரு பெரிய இணைப்பு. பிரேக்கை அழுத்தினேன். அழுத்தியும் பின்பக்கம் எம்பி விழுந்தது.

வாலுவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை, கூச்சல் இல்லை. மூச்சை யாரோ பிடுங்கிய மாதிரி.

பாலம் தாண்டி நிறுத்தினேன். இறங்கி, ஆணி முனையால் பின் டயர்களில் கால்வாசிக் காற்றை இறக்கினேன். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்தார்.

"என்ன பண்ற?"

"காத்து குறைஞ்சா கொஞ்சம் மெத்துனு இருக்கும். பின்னால வெயிட்டு போட்டா இன்னும் நல்லாருக்கும். குலுங்காது."

"அட, அப்படியா! பெரிய ஆளுய்யா நீ. நல்ல வேள, நீ கூட வந்த."

என் தோளில் தட்டினார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆள் நடக்கும் வேகத்தில் போய், கட்டுமானச் சாமான் விற்கும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தோம். மணல், ஜல்லி, செங்கல் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தது. நடத்துகிறவர் ஒரு பெரிய உடம்புக்கார அம்மா.

"மணலா? எந்த மணல், பூச்சுக்கா கட்டுக்கா?"

"எந்த மணலும் பரவாயில்லம்மா. வண்டி குலுங்காம இருக்கணும்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். வாலுவைப் பார்த்ததும் குரல் மாறியது. "இருபது சாக்கு ரொப்புங்க, சீக்கிரம்," என்று சுமக்கிறவர்களை விரட்டினார். மாப்பிள்ளை சும்மா நிற்கவில்லை. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குவியலுக்குப் போய்விட்டார்.

நான் வாலு பக்கத்துக் கதவைத் திறந்து நின்றேன்.

"அண்ணே."

"சொல்லு."

"உங்க ஆபீஸ்ல மூட்டை ஏத்தித்தானே ஓட்டிப் பாப்பீங்க. நீயே எத்தன தடவ சொல்லியிருக்க."

கதவுப் பிடியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்த வண்டியையும் அப்படித்தான் பாத்தியா?"

"ஆமா."

அவள் மணல் குவியலைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சுதுண்ணே," என்றாள். "நீ வேணும்னு செய்யல. அது எனக்குத் தெரியும். ஆனா வலிச்சுது. அதையும் நான் சொல்லணும்ல."

"திரும்பிடலாம் வாலு. ஏதாவது ஆஸ்பத்திரில காட்டிட்டு..."

"ஒத விழும். பாதி தூரம் வந்தாச்சு." இல்லை, கால்வாசிதான் வந்திருந்தோம். "அவர்கிட்ட இதச் சொல்லாத. மூணு வருஷமா யாரையாவது பிடிச்சுத் திட்டணும்னு அலையறாரு. டாக்டர், நர்சு, லிஃப்ட்டு ஓட்டறவன், ஒருத்தர் பாக்கி இல்ல. நீ ஒருத்தன்தான் மிச்சம். நான் போனப்புறம் அவரு யாரோட உக்காந்து டீ குடிப்பாரு?"

மாப்பிள்ளை முதுகில் ஒரு சாக்கோடு வந்துகொண்டிருந்தார். அவள் பேச்சை மாற்றி, "பாத்துத் தூக்குங்க, அப்புறம் உங்களையும் இந்த சீட்டுல உக்கார வைக்கணும்," என்றாள்.

மூட்டைகளை அச்சுக்கு நேர் மேலே அடுக்கச் சொன்னேன். ஐநூறு கிலோ. வண்டி தாழ்ந்தது. அதற்குப் பிறகு அது டிப்போவில் எப்படி ஓடியதோ அப்படி ஓடியது. மிச்சம் இருந்த கான்கிரீட்டே தெரியவில்லை. வாலு தூங்கிவிட்டாள். அவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கி நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. மாப்பிள்ளை குரலை இறக்கி, "பாரு மச்சான், எப்படித் தூங்கறா. எல்லாம் உன் வேலை," என்றார். அதைக் கேட்டுக்கொண்டே ஏழு மணி நேரம் ஓட்டினேன்.

மகள் இருந்த கட்டடத்தின் வாசலில் நிறுத்தினோம். மருமகன் ஓடி வந்தார். பலகைப் பெட்டியைக் கீழே வைத்து மாப்பிள்ளை கை நீட்டினார். வாலு அசையவில்லை.

"கால் எந்திரிக்கலங்க."

"மரத்துப் போயிருக்கும். மெதுவா..."

"மரத்துப் போகல. இடுப்புக்குக் கீழ எதுவும் தெரியல. பாலத்துலேர்ந்தே."

மாப்பிள்ளை பலகைப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாலத்துலேர்ந்தா? ஏண்டி சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குத் திருப்பியிருப்பீங்க. இப்ப எங்க போனும்னாலும் போங்க. ஆனா முதல்ல மேல போகணும். அவகிட்ட யாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கக் கூடாது."

மூன்று பேரும் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தோம். லிஃப்ட்டில் போகும்போது நீல உடுப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டாள். நழுவிய பாதத்தை மாப்பிள்ளை குனிந்து எடுத்து நாற்காலியின் கால்பலகை மேல் வைத்தார். அது அவளுக்குத் தெரியவில்லை.

மகள் இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"எந்திரிச்சா அப்படியே திரும்பிப் போயிடுவேன்," என்றாள் வாலு. "என்னடி, இப்படி உப்பிப்போய்க் கிடக்க?"

"நீ மட்டும் என்ன, சேர்ல வந்து இறங்கற?"

"ஒன்பது மணி நேரம் உக்காந்து பாரு, தெரியும். காலு சோம்பேறி ஆயிடுச்சு."

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினோம். மகள் அம்மாவின் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். குழந்தை அசைவதற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அது ரொம்ப நேரம் அசையவே இல்லை. "உங்க அப்பா மாதிரிதான், கூப்பிட்டா வராது," என்றாள் வாலு. அப்புறம் அசைந்தது. நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டோம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தாள். அப்புறம் ஆஸ்பத்திரி. எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்திவிட்டது என்றார்கள். இருந்த நிலைமைக்கு இருமினாலும் நொறுங்கியிருக்கும், இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் நடந்திருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் நடந்தது அன்றைக்கு.

அவள் அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. இருபத்து மூன்று நாள் இருந்தாள். மகள் கட்டிலை விட்டு இறங்க முடியாததால் ஒரே ஊரில் இருந்தும் மறுபடி போன்தான். குழந்தை பிறப்பதற்கு முன்னால் போய்விட்டாள். எரிப்பதையும் அங்கேயே முடித்தோம்.

அந்த நாட்கள் முழுக்க மாப்பிள்ளை வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "மச்சான் மட்டும் இல்லன்னா பாதி வழியிலயே போயிருப்பா. மூட்டை போடணும்னு யாருக்குத் தோணும், சொல்லுங்க?" மருமகனிடம் சொன்னார், நர்ஸிடம் சொன்னார், கடைசியில் மகளிடமும் சொன்னார். அவள் படுத்தபடியே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில், வண்டி நிறுத்தும் இடத்தில், பெட்டிகளைத் தொட்டியில் வைக்கும்போது சொல்லிவிட்டேன். டிப்போவில் மணல் ஏற்றி ஓட்டியது, காலியாக ஒரு தரம்கூட ஓட்டிப் பார்க்காதது, பாலத்துக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். பெட்டியைக் கீழே வைத்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். மணல் ரொப்பும்போதே கேட்டா. உங்கிட்ட சொல்ல வேணாம்னா."

"ஏன்?"

"நீ என்னையும் விட்டுடுவியோன்னு பயந்தா."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்க. நான் அங்க மண்ண அள்ளிட்டு இருந்தேன்," என்றார். "அவ உங்கிட்ட சொன்னதையும் எங்கிட்ட சொல்லல. கால் போனதையும் சொல்லல. பின்னாடியே உக்காந்து தோளப் பிடிச்சுட்டுத்தானே வந்தேன் மச்சான்."

அப்புறம் தொட்டியில் ஏறி, மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே தள்ள ஆரம்பித்தார். நான் ஒன்றில் கை வைத்தேன். "விடு," என்றார். இருபதையும் அவரே இறக்கினார். கட்டடக் காவலாளி வந்து இதென்ன என்று கேட்டார். "பூந்தொட்டியில போட்டுக்குங்க, செடி வைங்க," என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முதுகுத் தலையணை அங்கேயே இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டயருக்குக் காத்து முதல்ல இருந்த அளவே பிடி."

பிடித்தேன். கிளம்பினோம். தார் ரோடு முழுக்க அவர் அந்தத் தலையணையைத் தடவிக்கொண்டே வந்தார். மத்தியானம் தாண்டி கான்கிரீட் ஆரம்பித்தது. பின் சக்கரம் இடித்தது. எனக்குக் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்தது.

"அன்னிக்கு என்ன வேகம்?"

"முதல்ல எண்பது. அப்புறம் குறைச்சேன்."

"அப்ப எண்பதுலயே போ."

போனேன். ஒவ்வொரு இணைப்புக்கும் சீட் எம்பி விழுந்தது. அவர் மேலே இருந்த பிடியைப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உடம்பில் வாங்கிக்கொண்டார். நல்ல உடம்பு. டைல்ஸ் பெட்டி தூக்கித் தூக்கி இறுகிய முதுகு. அதில் என்ன தெரியப்போகிறது? ஆனாலும் அவர் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை.

"அன்னிக்கும் இப்படியேவா? ரெண்டு மணி நேரமும்?" என்று கேட்டார்.

"ஆமா."

"பாலம் வரப்போ சொல்லு."

இன்னும் பத்து நிமிஷம் போயிருக்கும். தூரத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது.

"வருது மாப்ள," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை.